கையெழுத்தும் தலையெழுத்தும்

நுழையும்முன்

எண்ணியதை ஏட்டில் இறக்கிவைக்கும் கருவி கையெழுத்து. பெரும்பாலோர்க்கு அது நடப்பதுபோல் இயல்பாகிவிடுகிறது. சில குழந்தைகளுக்கோ ஒவ்வோர் எழுத்தும் ஏறிக் கடக்கவேண்டிய மேடாக இருக்கிறது. அறிந்திருந்தும் எழுத இயலாத குழந்தையைச் சோம்பேறி என்பது எளிது. அக்குழந்தையின் கை எங்கே இடறுகிறது என்று கண்டறிவது கடினம். அக்கடினமான பணியே ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உடன்பயிலும் மாணவருக்கும் உரியது. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உடைய குழந்தைகள் எழுதுவதில் படும் இடர்ப்பாட்டையும் அவர்களுக்கு உதவும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விடை அறிந்த சிறுவன்

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றில் நான்காம் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. மழை எவ்வாறு பெய்கிறது என்று ஆசிரியர் வினவுகிறார். வினா முடியும் முன்பே ஒரு சிறுவன் எழுந்துவிடுகிறான். ஏரித் தண்ணீர் வெயிலில் ஆவியாகி மேலே செல்வதையும், குளிர்ந்து மேகமாவதையும், மழையாக மீண்டும் ஏரிக்கே வருவதையும் கைகளை வீசி விளக்குகிறான். வகுப்பே வியக்கிறது.

மறுநாள் எழுத்துத் தேர்வு. அதே வினா, அதே சிறுவன். அவனுடைய தாளில் இருப்பவை இரண்டே வரிகள். முதல் வரி கோட்டை விட்டு மேலேறுகிறது. இரண்டாம் வரி கீழிறங்குகிறது. 'மேகம்' என்னும் சொல் 'மகேம்' என்றும், 'ஆவியாகிறது' என்பது 'ஆவிகிறது' என்றும் நிற்கின்றன. அழித்து அழித்து எழுதியதில் தாள் ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது. கோழி கிறுக்கியதுபோல் இருக்கிறது என்ற கண்டிப்புடன் பத்துக்கு இரண்டு மதிப்பெண் கிடைக்கிறது. பத்துமுறை எழுதிவருமாறு தண்டனையும் சேர்கிறது. வீட்டில் அவன் எழுதிய பத்தாவது படி, முதல் படியைவிடச் சீர்கெட்டிருக்கிறது.

இச்சிறுவன் தனியொருவன் அல்லன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மட்டுமன்றி உலகின் எல்லா ஊர் வகுப்பறைகளிலும் இத்தகைய குழந்தைகள் அமர்ந்திருக்கிறார்கள். அந்தத் தாள் அவனுடைய அறிவை அளந்ததா, கையை அளந்ததா என்பதே இங்கு எழும் வினா.

குறைபாட்டின் இயல்பு

ஒன்றில் கவனத்தை நிலைநிறுத்த இயலாமை, ஓரிடத்தில் அமைதியாக இருக்க இயலாமை, எண்ணிப் பாராது உடனே செயற்படுதல் ஆகியவை இக்குறைபாட்டின் கூறுகள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இதனை ஏ.டி.எச்.டி. என்றும் வழங்குவர். உலக அளவில் பள்ளிப் பருவத்தினருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அவ்வாறாயின் நாற்பது பேர் பயிலும் வகுப்பில் இருவர் இருக்கக்கூடும்.

1902ஆம் ஆண்டு, இலண்டன் அரச மருத்துவக் கல்லூரியில் உரையாற்றிய குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவுத்திறன் குன்றாதிருந்தும் கவனத்தை நிறுத்த இயலாத குழந்தைகளைப் பற்றி விரிவாக எடுத்துரைத்தார். அவர் இதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாகவே கருதினார். இன்றைய மருத்துவ அறிவியல் அக்கருத்தைக் கைவிட்டு, இதனை மூளை வளர்ச்சியோடு தொடர்புடையதாகக் காண்கிறது. மரபுக்கூறுகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. பெற்றோரின் வளர்ப்புமுறை இக்குறைபாட்டைத் தோற்றுவிப்பதில்லை. மூளையின் மேலுறை வளர்ச்சியை ஆராய்ந்த அமெரிக்கத் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள், இக்குழந்தைகளிடம் அவ்வளர்ச்சி ஏறத்தாழ மூன்றாண்டுகள் பிந்தி நிகழ்வதாக 2007இல் வெளியிட்டனர். வளர்ச்சியின் வரிசை ஒன்றே, காலந்தான் வேறுபடுகிறது.

ஓடியாடும் குழந்தைகள் அனைவரும் இக்குறைபாடு உடையவர்கள் அல்லர். அறிகுறிகள் ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தல், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருத்தல், வீடு பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படுதல், அன்றாட வாழ்வைப் பாதித்தல் ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே மருத்துவர் முடிவு கூறுவார். அம்முடிவைக் கூறும் உரிமை ஆசிரியருக்கோ உறவினருக்கோ இல்லை. கூர்ந்து கண்டவற்றைத் தேதியிட்டுக் குறித்துவைத்து மருத்துவரிடம் தெரிவிப்பதே அவர்களால் ஆகும் உதவி.

எழுதுதல் என்னும் கூட்டுப்பணி

ஒரு சொல்லை எழுதுவதற்குள் எத்தனை செயல்கள் நிகழ்கின்றன! சொல்ல வேண்டிய கருத்தை மனத்தில் நிறுத்த வேண்டும். அதற்குரிய சொல்லைத் தேர்ந்து ஒலிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் ஒலிக்குமுரிய வடிவத்தை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். தோள் அசையாது நிற்க, மணிக்கட்டு நகர, மூன்று விரல்கள் எழுதுகோலை அளவாக அழுத்த வேண்டும். கோட்டையும் இடைவெளியையும் கண் காக்க வேண்டும். இவையெல்லாம் முடியும்வரை வாக்கியத்தின் மீதிப்பகுதி மனத்தில் அழியாது இருக்க வேண்டும்.

பழகிய கைக்கு இவற்றுட் பல தாமாகவே நிகழ்கின்றன. ஆகவே மனம் கருத்தில் மட்டும் ஈடுபடுகிறது. கவனக்குறைவுடைய குழந்தைக்கோ செயல் நினைவு, அதாவது செய்துகொண்டிருக்கும் பணிக்கு வேண்டியதைச் சிறிது நேரம் தாங்கிநிற்கும் நினைவு, விரைவில் நிரம்பிவிடுகிறது. எழுத்தின் வடிவத்தில் கவனம் செலுத்தினால் கருத்து மறைகிறது. கருத்தைப் பற்றிக்கொண்டால் எழுத்து சிதைகிறது. பக்கத்தின் தொடக்கத்தில் ஓரளவு சீராக இருக்கும் எழுத்து கீழே செல்லச் செல்லக் குலைவது இதனால்தான். நேற்று நன்றாக எழுதிய குழந்தை இன்று கிறுக்குவதைக் கண்டு, மனம் வைத்தால் முடியும் என்று பலர் முடிவுசெய்கின்றனர். ஆனால் இந்த ஏற்ற இறக்கமே குறைபாட்டின் இயல்பு.

எழுதுதலில் மட்டும் தோன்றும் தனிக் கற்றல் குறைபாடும் உண்டு. அதனை எழுத்துக் குறைபாடு என்பர். கவனக்குறைவும் எழுத்துக் குறைபாடும் வெவ்வேறானவை. எனினும் ஒரே குழந்தையிடம் இரண்டும் இணைந்திருக்கக்கூடும். எனவே இரண்டையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

தமிழெழுத்தும் கவனமும்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனத் தமிழெழுத்துகள் 247. இவை அனைத்தையும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை. அடிப்படை வடிவங்களும் துணைக்குறிகளும் தெரிந்தால் பெரும்பாலானவற்றை அமைத்துக்கொள்ளலாம். இது தமிழ்க் குழந்தைக்குக் கிடைத்த வசதி. இவ்வசதியோடு ஒரு சிக்கலும் இருக்கிறது.

'கா' என்று எழுதும்போது முதலில் ககரத்தையும் பின்னர்த் துணைக்காலையும் இடுகிறோம். ஒலியின் வரிசையும் கையின் வரிசையும் ஒத்துள்ளன. 'கெ' என்று எழுதும்போது நிலைமை மாறுகிறது. ஒலியில் ககரம் முந்துகிறது. எழுத்தில் கொம்பு முந்துகிறது. 'கொ' என்பதற்குக் கொம்பு முன்னும் துணைக்கால் பின்னும் நிற்கின்றன. ஆகவே எழுதுகோல் தாளைத் தொடும் முன்பே முழு எழுத்தும் மனத்தில் உருவாகியிருக்க வேண்டும். எண்ணியவுடன் கையை ஓட்டிவிடும் குழந்தை முதலில் 'ம' எழுதிவிட்டு, விடுபட்ட இரட்டைக்கொம்பை அடுத்த எழுத்துக்கு முன்னால் இடுகிறது. 'மேகம்' என்பது 'மகேம்' ஆன கதை இதுவே. அது அறியாமையால் நேர்ந்த பிழையன்று. வரிசை பிறழ்ந்ததால் நேர்ந்த பிழை. இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண' ஆகியவற்றில் சுழி கூடுவதும் குறைவதும் இத்தகையனவே.

காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். எழுதும்போது உறுப்புகளை வாய்விட்டுச் சொல்லச் செய்யலாம். 'கொம்பு, க, கால்' என்று சொல்லிக்கொண்டே 'கொ' எழுதும் குழந்தைக்கு, அதன் குரலே கைக்கு வழிகாட்டுகிறது. அகரவரிசையில் கற்பிப்பதற்கு மாறாக, வடிவ ஒற்றுமை நோக்கி ட, ப, ம, ய என நேர்கோட்டுச் சாயல் உடையவற்றை முதலிலும், சுழி உடையவற்றைப் பின்னரும் பழக்கலாம். ஒருநாளில் ஒரு குடும்ப எழுத்துகள் போதும்.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| எழுத்தின் வடிவம் மாறாத ஒன்றன்று. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் காணப்படும் பழங்கல்வெட்டின் எழுத்துகளை இன்றைய மாணவரால் படிக்க இயலாது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு தெளிவுற விளங்க வீரமாமுனிவர் எழுத்துச் சீர்திருத்தம் செய்தார். தந்தை பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். அவற்றைத் தழுவி 1978இல் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. அதனால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் தனிவடிவங்கள் நீங்கிப் பிற எழுத்துகளைப் போலவே எழுதப்படலாயின. கற்போரின் சுமையைக் குறைக்க எழுத்தே வளைந்துகொடுத்த வரலாறு இது. |

மணலில் தொடங்கிய கல்வி

திண்ணைப் பள்ளிகளில் குழந்தையின் முதல் ஏடு மணலாகவே இருந்தது. விரலால் மணலில் எழுதி, கையால் துடைத்து, மீண்டும் எழுதினர். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் வந்தன. ஆசிரியர் ஓலையில் கீறித்தந்த வரிச்சட்டத்தைப் பார்த்து எழுதிப் பழகினர்.

எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தில் 1789 முதல் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் என்பவர், சென்னைப் பகுதிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்தார். தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்தினார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் இணைத்து 1797இல் இலண்டனில் நூலொன்று வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரில் அது பிரிட்டனின் பள்ளிகளிலும் பரவியது.

விரல்நுனி மணலில் உராயும்போது எழுத்தின் வடிவம் கண்ணுக்கு மட்டுமன்றித் தோலுக்கும் தசைக்கும் புலப்படுகிறது. பெரிதாக எழுதுவதால் தோள் முழுவதும் பங்குகொள்கிறது. பிழையைத் துடைத்துவிட்டால் அதன் தழும்பு எஞ்சுவதில்லை. சிவப்பு மையைக் கண்டு அஞ்சிய குழந்தைக்கு இக்கடைசிப் பயன் பெரிது. பல புலன்கள்வழிக் கற்பித்தல் என்று இன்றைய சிறப்புக் கல்வி இதனைப் போற்றுகிறது.

தம் கையெழுத்து அழகற்றது என்பதற்காக நாணியதைக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் மறையாது கூறியிருக்கிறார். எழுதக் கற்பிக்கும் முன் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. கோடும் வட்டமும் வளைவும் பழகிய கைக்கு எழுத்து எளிதில் வசப்படும்.

வீட்டில் செய்யத்தக்கவை

விரல்களில் வலிமை இன்றி எழுத்தில் ஒழுங்கு வராது. அவ்வலிமையை விளையாட்டாகவே வளர்க்கலாம். புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிவனமே திண்டிவனம் ஆயிற்று என்பர். அவ்வூர்க் குழந்தைக்குப் புளியங்கொட்டை கொண்டு ஆடும் பல்லாங்குழியைவிடச் சிறந்த விரற்பயிற்சி வேறில்லை. களிமண் பிசைதல், சப்பாத்தி மாவு உருட்டுதல், பூத்தொடுத்தல், புள்ளிவைத்துக் கோலமிடுதல் ஆகியவையும் ஏற்றவை. ஆண், பெண் வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் இவற்றைப் பழக்கலாம்.

எழுத அமரும்போது பாதங்கள் தரையில் பதிய வேண்டும். மேசை முழங்கையின் உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் அமரும் வீடுகளில் சற்றே சாய்ந்த பலகை உதவும். எழுதாத கை தாளைப் பிடித்துக்கொள்ளட்டும். நீண்ட எழுதுகோலைவிட முக்கோண வடிவிலான குட்டை எழுதுகோல் விரல்களில் நன்கு அமையும். எழுத்தின் அளவைக் காக்க இரட்டைக்கோட்டு ஏடும், இடைவெளியைக் காக்கக் கட்டமிட்ட ஏடும் துணைசெய்யும்.

ஒரு மணிநேரம் தொடர்ந்து எழுதச் சொல்வதைவிடப் பத்து நிமிடம் எழுதச் சொல்லிச் சிறிது ஓடியாட விட்டு, மீண்டும் பத்து நிமிடம் எழுதச் சொல்வது பயன் தரும். தொலைக்காட்சி ஒலிக்காத மூலை ஒன்று போதுமானது. எழுதிய பக்கத்தில் நன்றாக அமைந்த ஓர் எழுத்தைக் குழந்தையே தேடி வட்டமிடட்டும். தன் கை செய்த நன்மையைத் தானே காணும் குழந்தை மறுநாளும் எழுத அமரும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

இக்குழந்தை ஆசிரியருக்கு அருகில், சாளரத்திலிருந்து விலகி அமர வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதுதல் மிகக் கடினமான பணி. பலகைக்கும் ஏட்டுக்கும் இடையே கண் செல்லும்போதே சொல் நழுவிவிடும். ஆகவே நீண்ட குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்துவிடலாம். ஒரே நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் தரலாம். ஏடுகளை வழங்குதல், பலகையைத் துடைத்தல் போன்ற பணிகளைத் தந்தால் அசையத் துடிக்கும் உடலுக்கு மதிப்புள்ள வேலை கிடைக்கும்.

அறிவைச் சோதிக்கும் வேளையில் கையெழுத்தைச் சோதிக்க வேண்டியதில்லை. மழையைப் பற்றி அறிந்திருக்கிறானா என்று அறிய விரும்பும் ஆசிரியர், அவன் வாய்மொழியாகக் கூறும் விடையை ஏற்கலாம். படம் வரைந்து பெயர் குறிக்கச் செய்யலாம். கையெழுத்துப் பயிற்சிக்கு வேறு நேரம் ஒதுக்கி, அப்போது கருத்துச்சுமை இல்லாத எளிய சொற்களைத் தரலாம். இரண்டையும் பிரித்துவிட்டால் குழந்தை இரண்டிலும் வளரும். நூறுமுறை எழுதச் சொல்வதும், விளையாட்டு வேளையைப் பறிப்பதும் களைத்த கையை மேலும் களைப்பாக்கும். அமைதியற்ற உடலை மேலும் அமைதியற்றதாக்கும்.

மேல்வகுப்புகளில் தட்டச்சு நல்ல துணை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவான 'தமிழ்99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்க்குரியவை வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. அதில் ககரத்தை அழுத்தி எகரத்தை அழுத்தினால் 'கெ' தோன்றும். ஒலியின் வரிசையிலேயே விரல் செல்வதால் கொம்பு முந்தும் சிக்கல் அங்கே இல்லை.

துணைநிற்கும் சட்டமும் அமைப்புகளும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. எழுத்துக் குறைபாட்டை உள்ளடக்கிய தனிக் கற்றல் குறைபாடு அவற்றுள் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம் வழங்குதல், சொல்வதை எழுதுபவரை அமர்த்துதல் முதலிய மாற்றங்களுக்கு அச்சட்டம் வழிவகுத்துள்ளது. இவை சலுகை என்று பேசப்பட்டாலும் உண்மையில் உரிமைகளே. பார்வை குன்றியவர் கண்ணாடி அணிவதை எவரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டம், குழந்தைகளிடம் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டியவற்றுள் கற்றல் குறைபாட்டையும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டையும் சேர்த்துள்ளது. வட்டார வளமையங்களைச் சார்ந்த சிறப்பாசிரியர்கள் பள்ளிகளுக்கு வழிகாட்டுகின்றனர். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைநலப் பிரிவையும் மனநலப் பிரிவையும் இவ்விரு நகரத்தாரும் அணுகலாம். பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இயங்குகிறது. சில குழந்தைகளுக்கு மருத்துவர் மருந்தும் பரிந்துரைப்பார். மருந்து கவனத்தை நிலைநிறுத்த உதவலாம்; எழுத்தைக் கற்பிப்பது பயிற்சியே.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் நேர்ந்த கற்றல் இழப்பைச் சரிசெய்ய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. மாலை வேளையில், வீட்டருகே, சிறு குழுவாகக் கற்பிக்கும் தன்னார்வலரின் பணி அது. கவனம் சிதறும் குழந்தைக்கு வேண்டியதும் இத்தகைய சிறு வட்டமும், அருகில் அமர்ந்து பார்க்கும் ஒருவருமே.

எழுதிக்கொண்டே இருக்கும் கை

கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இராது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கையெழுத்து நன்றாக இல்லாத குழந்தையின் தலையெழுத்தைப் பிறர் எழுதிவிடுவதே உண்மையில் நிகழ்கிறது. சோம்பேறி, அடங்காதவன், படிப்பு வராதவன் என்னும் சொற்கள் அழிப்பான் கொண்டு அழிக்க இயலாதவை. ஒன்பது வயதில் இக்குறைபாடு கண்டறியப்பட்ட அமெரிக்கச் சிறுவன் மைக்கேல் ஃபெல்ப்ஸ், பின்னாளில் நீச்சலில் 23 ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்றார். எல்லாக் குழந்தைகளும் பதக்கம் வெல்ல வேண்டியதில்லை. அறிந்ததைச் சொல்ல ஒவ்வொருவருக்கும் ஒரு வழி கிடைத்தல் வேண்டும்.

திண்டிவனத்துச் சிறுவனிடம் ஆசிரியர் மீண்டும் அதே வினாவைக் கேட்கிறார் எனக் கொள்ளலாம். இம்முறை அவன் முதலில் வாயால் கூறுகிறான். பின்பு ஏரியும் கதிரவனும் மேகமும் வரைகிறான். 'இரட்டைக்கொம்பு, ம' என்று மெல்லச் சொல்லியவாறு படத்தின்கீழ் ஒரு சொல் எழுதுகிறான். எழுத்து இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. ஆனால் அது 'மேகம்' என்றே படிக்கப்படுகிறது. அவன் அறிந்திருந்தது இப்போது தாளிலும் இருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. வழக்கமாக எழுதாத கையால் ஐந்து வரிகள் எழுதுக. அப்போது கருத்து, வடிவம், வேகம் ஆகியவற்றில் நேர்ந்த மாற்றங்களை வகுப்பில் பகிர்க.
2. 'கொ, கோ, கை, கே' ஆகிய எழுத்துகளை எழுதும்போது கை செல்லும் வரிசையையும் ஒலியின் வரிசையையும் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.
3. எழுத இடர்ப்படும் மாணவருக்கு உடன்பயில்வோர் செய்யத்தக்க உதவிகள் குறித்துக் கலந்துரையாடுக.